படைப்பவர் களைப்பாரா? மேசைக் கதையாட்டம் நடத்துவோரின் சோர்வு

மேசைக் கதையாட்டம் என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். ஆடுபவர்கள் தத்தம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். கதையை நடத்துபவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அரசனும் அவரே, அரசனுக்கு நஞ்சு வைக்கும் சமையற்காரனும் அவரே, வழியில் பிடிக்கும் மழையும் அவரே. விதியில் ஐயம் வந்தால் தீர்ப்பும் அவருடையது. அடுத்த சனிக்கிழமை யார் வருவார், யார் வரமாட்டார் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்பதும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

இப்படி ஓராண்டு, ஈராண்டு நடத்துபவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் உள்ளே ஏதோ வற்றிப்போகிறது. ஒரு நாள் தூங்கி எழுந்தால் தீருகிற அலுப்பு அல்ல அது. ஆட்ட நாள் நெருங்க நெருங்க நெஞ்சில் ஒரு பாரம். யாராவது ‘இந்தக் கிழமை ஏலாது’ என்று செய்தி அனுப்பினால் பெரிய நிம்மதி. மேசையில் நண்பர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போதும் அந்தச் சிரிப்புக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற விலகல். சம்பளம் இல்லை, கட்டாயம் இல்லை, ஆசைப்பட்டு எடுத்த வேலை. அதில் மனிதர் வற்றிப்போவது ஏன்? உளவியல் இதற்குப் பாதி விடைதான் தருகிறது. மீதிப் பாதி சமயங்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் ஒரு கேள்விக்குள் கிடக்கிறது.

உளவியலின் பாதியை முதலில் பார்க்கலாம். இந்தச் சோர்வு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பெயர் பெற்றதும், தற்செயலாக, அதே 1974இல்தான். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் நியூயோர்க் நகரத்து இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்த தொண்டர்களைப் பார்த்து அதை எழுதினார். மனம் ஒப்பி உழைத்தவர்களே எளிதில் சரிவதை அவர் கண்டார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். உணர்வு வற்றுதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாத அளவுக்கு விலகுதல், செய்ததெல்லாம் வீண் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தொழிற்களத்துக்கு உரிய நிலையாக வரையறுத்தது, நோயாகச் சேர்க்கவில்லை. அந்த வரையறையை அப்படியே பிடித்துக்கொண்டால் விளையாட்டு நடத்துபவருக்கு இந்தச் சோர்வே வரக்கூடாது. ஆனால் ஃபிராய்டன்பெர்கர் பார்த்த தொண்டர்களின் நிலைக்கு அவர் மிக நெருங்கியவர். மற்றவர்களுக்கு இன்பம் தருவதைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டவர், தன் அளவை யாரும் கேட்காத இடத்தில் நிற்பவர்.

சமயக் கேள்வி இங்கே தொடங்குகிறது. ஓர் உலகத்தை உண்டாக்கி, அதை நடத்தி, அதில் நடமாடுவோருக்கு இன்பமும் துன்பமும் வகுப்பது யாருடைய வேலை? அந்த இடத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்தால் என்ன ஆகும்?

இதை வைத்துப் பார்க்க அம்பாறைக் கரையோரம் தோதான இடம். சொறிக்கல்முனை, திருச்சிலுவை ஆலயத்தைச் சுற்றி வாழும் கத்தோலிக்கத் தமிழர்களின் கிராமம். வயல்வெளியைக் கடந்தால் சம்மாந்துறை, சாய்ந்தமருது, மருதமுனை என்று முஸ்லிம் ஊர்கள். இடையிடையே வீரமுனை, காரைதீவு, பாண்டிருப்பு என்று சைவத் தமிழர் ஊர்கள். மூன்று சமயத்தாரும் பேசுவது ஒரே தமிழ். ஆனால் படைத்தவன் களைப்பானா என்று கேட்டால் மூன்று விதமான விடை வரும்.

விவிலியத்தின் தொடக்கநூல், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்கிறது. இதை வைத்துக் கடவுளுக்குக் களைப்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாதென்று எசாயாவின் நூல், அவர் சோர்வதும் இல்லை, தளர்வதும் இல்லை என்று எடுத்துச் சொல்கிறது. எனவே கிறிஸ்தவ உரையாசிரியர்கள் அந்த ஓய்வை நிறைவு என்று விளக்கினார்கள். வேலை முடிந்தது, பார்த்தார், நல்லது என்று கண்டார், நிறுத்தினார். இஸ்லாம் இந்த விளக்கத்துக்கே இடம் வைக்கவில்லை. ஆறு நாளில் வானங்களையும் பூமியையும் படைத்ததில் எந்தக் களைப்பும் தீண்டவில்லை என்று அல்குர்ஆனின் 50ஆம் அத்தியாயம் அறுத்துச் சொல்கிறது. சிறு பிள்ளைகளும் மனனம் செய்யும் ஆயத்துல் குர்ஸி வசனம், அவனைச் சிறு உறக்கமும் பிடிக்காது, வானத்தையும் பூமியையும் காப்பது அவனுக்குப் பாரமும் ஆகாது என்று முடிவாகக் கூறுகிறது. சைவமோ இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. அங்கு இறைவன் ஐந்தொழிலையும் கூத்தாக ஆடுகிறான். பிரம்ம சூத்திரமும் படைப்பை எந்தத் தேவையும் இல்லாத விளையாட்டு என்று பேசுகிறது. அப்படிப்பட்டவனையும் கோவில் இரவில் பள்ளியறைக்கு அனுப்புகிறது, விடியலில் பாடி எழுப்புகிறது. களைப்பு இல்லாதவனுக்கு உறக்கம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் பூசகர் சிரிப்பார். அந்த உறக்கம் கோவிலுக்குத் தேவை, ஊருக்குத் தேவை. கதவு சாத்தப்படும் ஒரு நேரம் வேண்டும்.

மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆனாலும் ஓர் இடத்தில் மூன்றும் சேருகின்றன: களைக்காமல் உலகை நடத்துவது மனிதருக்கு உரிய இயல்பு அல்ல. கதையாட்டம் நடத்துபவர் மூன்று நான்கு மணி நேரம் அந்த ஆசனத்தில் இருக்கிறார். அதில் தவறில்லை. கத்தோலிக்கரான எழுத்தாளர் டோல்கீன் 1939இல் நிகழ்த்திய உரையொன்றில், மனிதர் கற்பனை உலகங்களைச் சிருஷ்டிப்பது தாம் படைக்கப்பட்ட சாயலின் விளைவு என்று வாதிட்டார். அது அவருக்கு மனிதரின் உரிமையாகவே பட்டது. ஆனால் அதே டோல்கீன் ‘நிகிலின் இலை’ என்ற சிறுகதையையும் எழுதினார். ஒரு முழு மரத்தை வரைய ஆசைப்பட்ட ஓவியன் இலை இலையாகத் திருத்திக்கொண்டே இருக்கிறான். அயலவன் உதவி கேட்டு வந்து வேலையைக் கெடுக்கிறான். மரம் முடிவதற்குள் புறப்பட வேண்டிய நாள் வந்துவிடுகிறது. டோல்கீனின் சொந்த வாழ்க்கையும் ஏறத்தாழ இதுதான். தன் உலகத்தின் பழங்கதைகளை வாழ்நாளெல்லாம் திருத்தித் திருத்தி எழுதி, 1973இல் முடிக்காமலே இறந்தார். மகன் கிறிஸ்டோபர் அவற்றைத் தொகுத்து 1977இல் வெளியிட்டார்.

கதை நடத்துபவரிடம் இந்த ஓவியனின் குணம் தாராளமாக உண்டு. ஆடுபவர்கள் ஒருபோதும் நுழையப்போகாத ஊருக்கு வரைபடம் போடுவார். யாரும் கேட்கப்போகாத அரச வம்சத்துக்கு ஏழு தலைமுறைப் பட்டியல் எழுதுவார். ஆடுபவர்களோ கோட்டைக்குப் போகாமல் வழியில் கண்ட ஆட்டிடையனோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். வீணாய்ப்போன உழைப்பு உடம்பைக் களைக்க வைப்பதைக் காட்டிலும், ‘எனக்கு மட்டும்தான் இதில் அக்கறை’ என்ற கசப்பு மனத்தைக் களைக்க வைக்கிறது.

கசப்பும் களைப்பும் ஒன்றல்ல என்பதை நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் நுணுகிக் கண்டவர். நண்பகலில் துறவியைப் பிடிக்கும் ஒரு பேயை அவர் வருணிக்கிறார். அது வந்தால் சூரியன் நகராததுபோல் தோன்றும். துறவி அடிக்கடி சன்னலுக்கு வெளியே பார்ப்பார். இருக்கும் இடம் வெறுக்கும். சகோதரர்களிடையே அன்பு செத்துவிட்டது என்று படும். வேறெங்கோ போனால் எல்லாம் சரியாகும் என்று மனம் அலையும். மேசைக்கு நடுவில் இருந்துகொண்டு கைபேசியில் நேரம் பார்க்கும் எவருக்கும் இந்த வருணனை புரியும். எவாக்ரியுஸ் தந்த மருந்து கடுமையானது: குடிலை விட்டுப் போகாதே, இருந்து தாங்கு.

இந்த மருந்தை எல்லாருக்கும் கொடுப்பது ஆபத்து. துறவி வாழ்நாள் நேர்ச்சை செய்தவர். சனிக்கிழமைப் பின்னேரம் நண்பர்களைக் கூட்டுபவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மேலும் தெம்பு இருந்தும் சுவை கெடுவது வேறு, சுவை இருந்தும் தெம்பு தீர்வது வேறு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. களைத்தவரை இன்னொருவர் நடத்தும் ஆட்டத்தில் வெறும் ஆட்டக்காரராக உட்கார வைத்துப் பார்க்கலாம். கண் விரிந்து, வாய் ஓயாமல் ஆடினால் அவருக்கு விளையாட்டு அலுக்கவில்லை, பொறுப்புத்தான் அழுத்துகிறது. அங்கும் மனம் ஒட்டவில்லை என்றால் காரணம் மேசைக்கு வெளியே, வேலையிலோ வீட்டிலோ உடல்நலத்திலோ இருக்கக்கூடும். அப்போது ஆட்டத்தைத் திருத்தி எதுவும் ஆகாது.

தெம்பு தீர்ந்தவருக்கு விவிலியத்தில் வேறு மருந்து இருக்கிறது. அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டுகிறார். வானதூதர் வந்து அறிவுரை சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறார். எலியா மறுபடியும் தூங்குகிறார். தூதர் மறுபடியும் எழுப்பி உணவு தருகிறார். பிறகு நெடுந்தூர நடை. அதற்குப் பின்புதான் பேச்சு. தான் ஒருவனே மிஞ்சியிருப்பதாக எலியா முறையிட, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று விடை வருகிறது; தன் இடத்துக்கு எலிசாவைத் திருப்பொழிவு செய்யும்படி கட்டளையும் வருகிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சோறு, பிறகு உறக்கம், பிறகு நடை, கடைசியில் அடுத்த ஆள். ஊக்கமூட்டும் பேச்சு இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. மோசே காலை முதல் மாலை வரை தனியே இருந்து வழக்குத் தீர்க்கிறார். மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். மாமனார் இத்திரோ பார்த்துவிட்டு, இப்படிச் செய்தால் நீயும் களைப்பாய், இந்த மக்களும் களைப்பார்கள் என்ற கருத்தில் எச்சரிக்கிறார். ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் தலைவர்களை நியமித்து, பெரிய வழக்கை மட்டும் தன்னிடம் கொண்டுவரச் செய்யும்படி மோசேக்கு யோசனை சொல்கிறார். இத்திரோ அந்தக் குலத்தவர் அல்லர், மிதியான் நாட்டுக் குரு. களைத்தவர் தன் நிலையைத் தானே காண்பது அரிது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. மக்களும் களைப்பார்கள் என்ற பாதி, மேசைக்கு இன்னும் முக்கியம். ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் மேசையில் மற்றவர்கள் காத்திருந்தே அலுத்துப்போவார்கள்.

இஸ்லாமிய மரபு அளவைப் பற்றிப் பேசும்போது மிகக் கண்டிப்பானது. அளவை மீறி வணங்குவதையே அது கண்டிக்கிறது. பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) காண்கிறார்கள். அது அவர்களின் துணைவியார் ஸைனப் அவர்களுடையது. தொழுகையில் கால் தளரும்போது பிடித்துக்கொள்ள என்று சொல்லப்படுகிறது. கயிற்றை அவிழ்த்துவிடும்படி நபிகளார் சொல்கிறார்கள். உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும், தளர்ந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது கட்டளை. இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. இறைவனுக்காகக் கட்டிய கயிறே அவிழ்க்கப்பட்டது என்றால், நண்பர்களை மகிழ்விக்கக் கட்டிய கயிற்றின் கதி சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த நபித்தோழர் அபூதர்தாவிடம் இன்னொரு தோழரான சல்மான் அல்பாரிஸி, இறைவனுக்கும் உடம்புக்கும் குடும்பத்துக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்றதையும், நபிகளார் அதை ஏற்றதையும் புகாரியில் காணலாம். சிறிதானாலும் விடாமல் செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்ற ஹதீஸும் இதே கருத்துடையது. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று பத்தாண்டு நடக்கும் ஆட்டம், வாரம் இருமுறை என்று தொடங்கி ஆறு மாதத்தில் அறுந்துபோகும் ஆட்டத்தைவிட மேல் என்பது இதிலிருந்து நேரே வரும் முடிவு.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு தவிர்க்க முடியாதது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் இளைஞர் ஒருவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினால், களைப்புக்கு முன்பே பகடை பற்றிய கேள்வி எழும். பகடையாடும் நர்த் விளையாட்டைக் கண்டிக்கும் ஹதீஸ் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள், அதிர்ஷ்டத்தை நம்பும் ஆட்டத்தையும் சிந்தனையை நம்பும் ஆட்டத்தையும் வேறுபடுத்தி, முதலாவதை விலக்கி, சதுரங்கத்தைப் போன்ற இரண்டாவதில் சற்று இளகின. பந்தயமே இல்லாத, கதைக்காக மட்டும் உருட்டும் பகடை எந்தப் பக்கம் சேரும் என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய விடயம். பகடையே இல்லாத கதையாட்டங்களும் இருப்பதால் வழி அடைபடுவதில்லை.

பகடையைப் பற்றிப் பேசினால் பாண்டிருப்பைத் தாண்டிப் போக முடியாது. கல்முனையை ஒட்டியுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் ஆண்டுதோறும் புரட்டாசியையொட்டி 18 நாள் தீப்பள்ளயம் நடக்கிறது. பாரதப் போரின் 18 நாளை நினைவூட்டும் கணக்கு அது. ஊரவர்களே பாண்டவராகவும் திரௌபதையாகவும் நோன்பிருந்து பாத்திரம் ஏற்கிறார்கள். கல்யாணக்கால் நாட்டுவதும், வனவாசம் போவதும், அருச்சுனன் தவநிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் தீமிதிப்பில் முடிகிறது. மேசைக் கதையாட்டத்துக்கு இந்தக் கரையில் இதைவிட நெருங்கிய உறவு இல்லை. ஒரு கூட்டம் மனிதர்கள் தங்கள் பெயரை விட்டு வேறு பெயரில் நடந்து, கதையின் துன்பத்தைத் தம் உடம்பில் ஏற்கிறார்கள். அந்தக் கதையின் முடிச்சோ, பகடை ஆட்டத்திலிருந்து எழுந்திருக்கத் தெரியாத ஓர் அரசன். நாட்டை இழந்தபின்னும் தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், மனைவியை வைத்தான். எழுந்திருக்கத் தெரியாதவனின் கதையை 18ஆம் நாள் எழுந்துவிடும் விதியோடு ஊர் ஆடுகிறது. விழா ஒரு நாள்கூட நீள்வதில்லை, யாருக்கு எவ்வளவு ஆசையிருந்தாலும். தீயை மிதித்தவர் வீட்டுக்குப் போகிறார், அடுத்த நாள் வயலுக்குப் போகிறார்.

மேற்கத்திய மேசைக் கதையாட்டத்துக்கு இல்லாதது இதுதான். ‘கம்பெயின்’ என்று அவர்கள் அழைக்கும் தொடர்கதைக்கு முடிவு நாள் குறிக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. ஆள் சலிக்கும்வரை ஓடும். சலிக்கும் முதல் ஆள் யார் என்றால், அதிகம் சுமப்பவர்.

சுமையைப் பிரிப்பதில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கூத்து மரபு மேலும் நுட்பமானது. வடமோடி, தென்மோடி இரண்டிலும் அண்ணாவியார் கூத்தின் தலைவர். ஆட்டம் பழக்குவார், மத்தளம் அடிப்பார், பாட்டு எடுத்துக் கொடுப்பார். விடிய விடிய நடக்கும் கூத்தில் அவர் கை ஓய முடியாது. ஆனால் அவர் எதையெல்லாம் செய்வதில்லை என்று பார்த்தால் மரபின் அறிவு புலப்படும். பாடல் ஏட்டை வைத்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க ஏட்டண்ணாவியார் என்று தனியாக ஒருவர் களரியில் நிற்கிறார். முழுக் கூத்தையும் தலைக்குள் சுமந்து திரிய வேண்டியதில்லை. ஆடுபவர் மூச்சு வாங்கும்போது பிற்பாட்டுக்காரர் வரியைத் தாங்கிப் பாடுகிறார். கட்டியகாரன் இடைவெளியை நிரப்புகிறான். உடை, உணவு, பணம், பந்தல் எல்லாம் ஊரின் பொறுப்பு. வேலைக்கு வரிசையும் உண்டு. ஊர் கூடிக் கூத்தைத் தீர்மானிக்கும். அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைக்கும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய் அரங்கேற்றத்தில் முடியும். அரங்கேற்றத்தில் அவருக்கு ஊர் அறிய மரியாதை செய்யப்படும். வாழி பாடியபின் அந்த வருடத்துக்கு அவர் அண்ணாவியார் இல்லை, விவசாயியோ மேசனோ ஆசிரியரோ. முஸ்லிம் ஊர்களின் பொல்லடியிலும் அண்ணாவியார் உண்டு. கோலும் பாட்டும் ஓய்ந்தால் அவர் வேலையும் ஓய்ந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடியதைச் சுருக்கினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. மரபைக் குறைத்துவிட்டார் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. நீளமே கலையின் தகுதி என்ற எண்ணம் கூத்துக்கு மட்டும் உரியதல்ல. மேசைக் கதையாட்டக்காரர்களிடமும் ஐந்து வருடம் ஓடிய கதை என்றால் தனிப் பெருமை. சுருங்கிய இராவணேசன் இன்றும் பேசப்படுவதைப் பார்த்தால் அந்தப் பெருமைக்கு அடிப்படை குறைவு.

சோர்வுக்குச் சமய மரபு தரும் இன்னொரு விடையை இந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பது கீதையின் பெயரால் எங்கும் சொல்லப்படும் அறிவுரை. கதை நடத்துபவருக்கு அதில் உண்மையான பயன் உண்டு. இரவு நன்றாக அமைவதும் அமையாததும் ஐந்து பேரின் மனநிலை, பகடை, மழை, மின்வெட்டு எல்லாம் சேர்ந்த விளைவு. அது தன் கையில் இல்லை என்று உணர்ந்தால் பாதிப் பாரம் இறங்கும். ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தை 2010இல் எழுதிய வின்சென்ட் பேக்கர், நடத்துபவர் கதையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், என்ன நடக்கிறது என்று காண்பதற்காகவே ஆட வேண்டும் என்று விதியாகவே வைத்தார். பலனை விடுவது அங்கே ஆட்ட விதி. ஆனால் களைத்தவரிடம் பற்றின்றிச் செய் என்று மற்றவர்கள் சொல்லும்போது, அது பெரும்பாலும் முணுமுணுக்காமல் செய் என்று பொருள்படுகிறது. பற்றை விடச் சொல்வோர் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள முன்வருவதில்லை. அருச்சுனனிடம் பேசிய கண்ணன், பேசியபின் தேரை விட்டு இறங்கிப் போகவில்லை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது அறிவுரையாளர்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. மனத்தைத் திருத்துவது நல்லதுதான்; ஏற்பாட்டைத் திருத்துவது அதற்கு முன் செய்ய வேண்டியது.

ஏற்பாட்டைத் திருத்தும் முயற்சிகள் அந்த விளையாட்டு உலகத்துக்குள்ளேயே நடந்திருக்கின்றன. 1987இல் வந்த ‘ஆர்ஸ் மாஜிக்கா’ நடத்தும் பொறுப்பைக் குழுவில் முறைவைத்து மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2009இல் வந்த ‘ஃபியாஸ்கோ’ நடத்துபவரே இல்லாமல், ஒரே இரவில் முடிந்துவிடும் ஆட்டம். 2011இல் வந்த ‘மைக்ரோஸ்கோப்’ ஒரு நாகரிகத்தின் முழு வரலாற்றையும் எல்லாரும் சேர்ந்து எழுத வைக்கிறது. மைக்கேல் ஷே என்பவர் 2012இல் சோம்பேறி நடத்துநருக்கென்றே ஒரு கைநூல் எழுதினார். குறைவாக ஆயத்தம் செய்தால் ஆட்டம் கெடாது, பல நேரம் சிறக்கும் என்பது அதன் வாதம். இவை எவையும் சமயத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் இத்திரோ சொன்னதும், கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும், வாழி பாடி முடிப்பதும் வேறு உடையில் இவற்றுள் வந்திருக்கின்றன.

வீட்டு மேசைக்கு இதைக் கொண்டுவரும்போது, ஏட்டண்ணாவியார் வேலையிலிருந்து தொடங்குவது சுலபம். சென்ற முறை நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த முறை தொடக்கத்தில் வாசிப்பது ஓர் ஆட்டக்காரரின் பொறுப்பு. விதி நூலைப் புரட்டிப் பார்ப்பது இன்னொருவருடையது. நாள் குறிப்பதும் ஆட்களைக் கூட்டுவதும் நடத்துபவர் அல்லாத ஒருவருடையது. இந்த ஒன்று மாறினாலே பலருக்குப் பாதிச் சோர்வு போய்விடும். தேநீரும் கடலையும் யார் வீட்டில் கூடுகிறார்களோ அவர்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. தொடங்கும்போதே எத்தனை அமர்வு என்று பேசிக்கொள்ளலாம். நோன்பு மாதம், பரீட்சைக் காலம், வயல் வேலைக் காலம் வந்தால் கதவு சாத்தப்படும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால் நிறுத்துவது யாருக்கும் மனக்குறையாகாது.

கடைசியாக ஒரு கடினமான கேள்வி மிஞ்சுகிறது. நடுவில் களைத்தவர் நடுவிலேயே நிறுத்தலாமா? நண்பர்கள் ஒரு வருடம் தங்கள் பாத்திரங்களை வளர்த்திருக்கிறார்கள். முடிப்பதாக அவர் சொல்லியும் இருக்கிறார். சொன்ன சொல் என்ன ஆவது?

மூன்று சமயங்களும் இறைவனுக்குக் கொடுத்த வாக்குக்கே விடுதலை வழி வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தனிப்பட்ட நேர்ச்சையைச் செய்தவரே அதைச் சமமான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது, ஆயரும் விடுவிக்கலாம். அல்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் சத்தியத்தை முறித்தவருக்குப் பரிகாரம் கூறுகிறது: பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். செய்த சத்தியத்தைவிட நல்லது ஒன்றைக் கண்டால் அதைச் செய்து, சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்குமாறும் ஹதீஸ் உண்டு. கோவிலில் பாத்திரம் ஏற்றவர் வீட்டில் சாவு விழுந்தால் துடக்கு என்று ஒதுங்குவார். அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். விழா நிற்பதில்லை, ஒதுங்கியவரை யாரும் பழிப்பதும் இல்லை. மூன்றிலும் பொதுவானது, விடுதலைக்கு ஒரு முறை உண்டு, அது சொல்லாமல் மறைவது அல்ல என்பது.

நண்பர்களுக்குக் கொடுத்த சொல் நேர்ச்சையைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எனவே களைத்தவருக்கு நிறுத்தும் உரிமை உண்டு. அறிவித்து நிறுத்தும் கடமையும் உண்டு. சும்மா செய்திக்குப் பதில் போடாமல் விடுவதுதான் இந்த ஆட்டங்கள் சாகும் வழக்கமான முறை. அதில் நடத்துபவருக்குக் குற்ற உணர்வும் ஆடியவர்களுக்கு வருத்தமும் மிஞ்சும். அதைவிட, ஒரு நாள் குறித்து, கடைசி அமர்வு என்று சொல்லி, எல்லாரையும் கூட்டி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பத்து வருடத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்று அதை ஆடியவரே சொல்ல விடலாம். அதற்கு ஆயத்தம் தேவையில்லை, பகடை தேவையில்லை. நடத்துபவர் அன்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தொடர விரும்பும் ஒருவர் மேசையில் இருந்தால் வரைபடங்களையும் கொப்பியையும் அன்றே அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த முறை அவருக்கு எதிரே ஆட்டக்காரராக உட்காரலாம்.